யாரும் உட்காராத நிழற்குடை

சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எம்.ரெட்டியபட்டியில் புதிய பயணியர் நிழற்குடை ஒன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள், அருப்புக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள். ரிப்பனை நான் வெட்டினேன். கல்லூரி முதல்வர் பேசினார். பத்தே முக்காலுக்கு அருப்புக்கோட்டை பஸ் வந்தது. அதில் ஏறிய பெண்களில் ஒருவர்கூட நிழற்குடைக்குள்ளிருந்து வரவில்லை. பின்சுவருக்குப் பின்னாலிருந்து வந்தார்கள்.

நடந்தவை இவ்வளவே. இனி என் எரிச்சல்.

கட்டடத்தில் குறையில்லை. நான் வாழ்நாள் முழுக்கக் கட்டுமானப் பொறியியல் கற்பித்தவன். தட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். வழவழப்பான பெஞ்ச், அகலமான கூரை. நெற்றிப் பலகையில் நீல எழுத்தில் ஒரு பெயர் — பேராசிரியை கமலவேணி நினைவாக.

கமலவேணி என் மனைவி. அந்தக் கல்லூரியின் மொழித்துறையில் இருந்தாள். சென்ற ஆண்டு காலமானாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

அடுத்த பஸ்ஸுக்காகச் சுவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் நின்றிருந்தார்கள். நிழல் அங்கே சுவரோடு ஒட்டிய ஒரு கோடுதான். அதற்குள் முதுகைச் சாய்த்து வரிசையாக... ஏனம்மா உள்ளே உட்காரக் கூடாது என்று கேட்டேன்.

"எதுத்தாப்புல டீக்கடைய பாத்தீகளா சார்? எங்க மாமனாரு இருக்காக, சின்ன மாமனாரு இருக்காக. அவுக மூஞ்சிக்கு நேரா காலத் தொங்கப்போட்டு உக்காரச் சொல்றீகளா?" என்றார் தூக்குவாளி வைத்திருந்த பெண்.

"சினிமா பாக்குற மாதிரி நம்மளப் பாத்துக்கிட்டே வடை திம்பாக," என்றார் பக்கத்தில் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"பின்பக்கம் ஒரு திண்டு கட்டி, கூரைய இந்தப் பக்கமும் இழுத்து விட்டிருந்தா சோலி முடிஞ்சது. ஆரு எங்ககிட்ட கேட்டாக?" என்று தூக்குவாளிக்காரர் விடவில்லை. "இவ்வளவு பேசுறீகளே... உங்க வீட்டம்மாவ ஒருநா கூட்டியாந்து இதுல உக்கார வைங்க பாப்போம்!"

பலகையை அவர் படித்திருக்கவில்லை. நான் தலையசைத்துவிட்டு நகர்ந்தேன்.

மாணவர் குழுவின் தலைவி நிவேதா. அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பெண். கெட்டிக்காரி. கட்டுவதற்கு முன் யாரையாவது கேட்டீர்களா என்றேன்.

"சர்வே எடுத்தோம் சார். பெஞ்ச் வேணுமான்னு கேட்டோம். எல்லாரும் வேணும்னுதான் சொன்னாங்க."

"எங்கே வைத்துக் கேட்டீர்கள்?"

"டீக்கடையில சார்."

கோபப்படுவதா, சிரிப்பதா? அவளைப் பின்சுவர்ப் பக்கம் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள்.

"எங்க அம்மாவும் உக்கார மாட்டாங்க சார். எங்க தெருவுலயும் இப்படித்தான். எனக்குத் தெரியும்... ஆனா அதெல்லாம் புராஜெக்ட்ல வராதுன்னு நினைச்சேன்."

இதுதான் என்னைத் தூங்கவிடாத பதில். அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை எல்லாம் கல்லூரி வாசலில் செருப்பைப் போலக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். கூரையின் எடையைக் கணக்கிடுவது பொறியியல். அதன் கீழே யார் உட்காருவார், யார் உட்கார மாட்டார் என்று யோசிப்பது மட்டும் வேறு யாருடைய வேலை?

கமலவேணிக்கு முதலாமாண்டில் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். மாணவர்களை அவள் பஸ் நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் அனுப்புவாள். அரை நாள் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று எழுதி வர வேண்டும். வராதவர்களைப் பற்றி எழுதாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் போன பிறகு அந்த வகுப்பு நின்றது. அதே மணி நேரத்தில் இப்போது ஆப்டிடியூட் பயிற்சி நடக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அங்கேயே முதல்வரிடம் கேட்டேன்.

"பிளேஸ்மெண்ட்டுக்கு அது உதவாது சார். கம்பெனிக்காரங்க கேக்குறதை நாங்க சொல்லிக் குடுக்கணும்ல?"

"அப்படியானால் இந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்."

அவர் பதறிப்போனார். பலகையை அண்ணாந்து பார்த்தார். "எழுத்து சின்னதாப் போச்சுன்னு வருத்தமா சார்? பெருசாப் போட்டுருவோம்!"

நல்ல மனிதர். உண்மையிலேயே நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.

பாக்கி நிற்கும் வேலைகள்:

பின்பக்கம் ஒரு திண்டு, அதற்கு மேல் கூரை.

முதலாமாண்டு அட்டவணையில் ஒரு மணி நேரம்.

இவ்விரண்டும் முடியும்வரை, அந்த நீல எழுத்தின் மேல் ஒரு கோட் வெள்ளை பெயிண்ட்.

மூன்றாவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.