தென்னையில் காய் தெரிந்த வருடம்

1930களில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எனக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். கல்யாணமாகி அங்கே குடிவந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அது என் காதுக்கு வந்தது. பாசாரில் எதிரே வந்து சிரித்தவர்களை நான் கண்டுகொள்வதே இல்லையாம். பக்கத்து வீட்டு அக்கா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

என் கணவரிடம் சொல்லி அழுதேன். "அவங்க சிரிச்சதை நான் பாக்கவே இல்லீங்க."

அவர் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். "அந்தத் தென்னையில எத்தனை காய் இருக்கு?"

"இங்கேருந்து காயெல்லாம் தெரியுமா?" என்றேன். எல்லோருக்கும் தூரம் மங்கலாகத்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ரயில்வே கிளார்க்கான அவர் பத்திரிகை விடாமல் படிப்பார். கண்ணுக்கு விட்டமின் நல்லது என்று எதிலோ வாசித்துவிட்டு மீன் எண்ணெய் வாங்கி வந்தார். ஆறு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். தினமும் முருங்கைக்கீரை, பப்பாளி. நன்றாகப் பசித்தது, ரவிக்கை இறுக்கிப் பிடித்தது. தென்னை மட்டும் பச்சை மூட்டமாகவே நின்றது.

பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "எண்ணெய் உடம்புக்கு நல்லது, குடியுங்கோ. ஆனா கிட்டப்பார்வைக்குக் கண்ணாடிதான்."

"அப்ப விட்டமினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா டாக்டர்?" என் கணவருக்கு மனசு ஆறவில்லை.

"எனக்குத் தெரியாது. பின்னால ஆராவது கண்டுபிடிப்பினம். இவ இண்டைக்குப் பாக்க வேணுமெல்லோ?"

கண்ணாடி வந்த அன்று தென்னையில் ஒன்பது காய் எண்ணினேன். அதோடு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"எனக்குத் தூரம் தெரியாதுக்கா. நீங்க சிரிச்சதும் தெரியல."

"அடிப்பாவி! அதை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"தெரியலைன்னே எனக்குத் தெரியாதேக்கா!"

அவர் சிரித்தபடி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணில் மட்டும் நீர் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் கிள்ளானுக்கு ரயிலேறினோம். சன்னலோரம் உட்கார்ந்து, வந்த ஸ்டேஷன் பெயர்களையெல்லாம் சத்தமாக வாசித்தேன். அக்கா ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை.