அந்தோணியாரின் முகமும் உமாராணியின் பென்சிலும்

மந்தாரக்குப்பம் டீக்கடையில் புதன்கிழமை கேட்ட செய்தி: ரெஜினா வீட்டுக் கண்ணாடியில் இருந்த அந்தோணியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வியாழக்கிழமை அது, முகத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றானது. வெள்ளிக்கிழமை பேருந்தில் ஒருவர், சேத்தியாத்தோப்புப் பக்கமாகத்தான் போனார் என்றார். திசை வரைக்கும் தெரிந்த பிறகு சும்மா இருப்பது முறையல்ல. சனிக்கிழமை காலை நேரில் போய்ப் பார்த்தேன்.

முகம் இல்லை. அந்த மட்டுக்கும் ஊர் சொன்னது சரி.

மூன்றடி உயரக் கோயில் சன்னல். ஈயப் பட்டைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வண்ணக் கண்ணாடி. காவி அங்கி, பச்சைத் தரை, கையில் லில்லிப் பூ. கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் கண்ணாடி. அதன் வழியே கொல்லைக் கொடியில் காயும் நைட்டி தெரிந்தது.

ரெஜினா டவுன்ஷிப் தெருக்களைக் காண்ட்ராக்டில் பெருக்குகிறவர். ஏழு வருடம் முன்பு பழைய அந்தோணியார் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவானபோது, கோயில் பொருள்களை வீட்டுக்கொன்றாக வைத்துக் காப்பது என்று பேசினார்கள். மணிக்குப் போட்டி, பீடத்துணிக்குப் போட்டி. உடைகிற பொருளுக்கு மட்டும் யாரும் கை நீட்டவில்லை. ரெஜினா எழுந்தார். வாடகை வீட்டுக்காரியை நம்பிக் கொடுப்பதா என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. "கீறல் இல்லாம திருப்பித் தரேங்க" என்றார்.

காப்பாற்றவும் செய்தார். லாரி போனால் அதிரும் வீடு. கண்ணாடிக்கு அடியில் சைக்கிள் டியூப்பை விரித்தார். பட்டை தளர்ந்த இடங்களில் சாக்பீஸ் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து திணித்தார். ஏழு வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

நாளை புதுக்கோயில் திறப்பு. அதற்காகப் போன செவ்வாய்க்கிழமை, செம்புக்குடம் துலக்குகிற மாதிரி புளியும் சலித்த சாம்பலும் வைத்துத் துலக்கினார். அனல்மின் நிலையம் இருக்கிற நம்மூரில் சாம்பலுக்கா பஞ்சம்?

"அங்கி பளபளன்னு வந்துச்சிங்க. மூஞ்சியத் தேச்சிக்கினே இருக்கேன், கண்ணக் காணோம். அழுக்குதான் போவுதுன்னு இன்னும் அழுத்தித் தேச்சேன்."

அங்கியின் நிறம் கண்ணாடியோடு உருக்கிக் கலந்தது, பர்மனென்ட். கண்ணும் மூக்கும் மேலே தீட்டி அரைகுறையாகச் சுட்டவை, காண்ட்ராக்ட். எதைத் துலக்கினாலும் முதலில் வெளியே போவது யார் என்று நம்மூரில் சொல்லத் தேவையில்லை.

ரெஜினா நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு உமாராணியிடம் புருவப் பென்சில் வாங்கி வரைகிறார், துடைக்கிறார், வரைகிறார்.

"மொத தடவ செல்வநாதன் அய்யா மாதிரியே வந்துடுச்சிங்க. பயந்துபோயி தொடச்சிட்டேன்."

அந்தச் செல்வநாதன், கோயில் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர், பதினொரு மணிக்கு மினி வேனோடு வந்து இறங்கினார். ரெஜினா மறைக்கவில்லை. போர்த்தியிருந்த சேலையைத் தானே விலக்கினார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். நைட்டியையும் பார்த்தார்.

"ஏம்மா, எங்கியாச்சும் கீறல் இருக்குதா?"

"இல்லீங்கய்யா."

"கீறல் வுட்டிருந்தா கூட மாட்டியிருக்கலாமே."

ரெஜினா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு நாள் குடுங்கய்யா. திருச்சில யாரோ செய்யறாங்களாம். நானே தூக்கிக்கினு போறேன்."

"நாளைக்குக் காலைல ஆயர் வர்றாரும்மா. சன்னலுக்குச் சாதாக் கண்ணாடி சொல்லிட்டேன். இது ஒன் வூட்லயே இருக்கட்டும்."

திட்டியிருந்தால் ரெஜினா அழுதிருப்பார். வேன் காலியாகத் திரும்பும் சத்தத்தைத் தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வரைய உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உமாராணியின் குரல் வந்தது. "யக்கா, அந்தப் பென்சில் ஆச்சா? நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவணும்."

ரெஜினா விரலிடுக்கில் இருந்தது நகத்தளவு.

"தரேன் உமா. கண்ணு ரெண்டும் முடிச்சிட்டேன். மூக்குதான் நிக்க மாட்டேங்குது."