கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படலம்

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பள்ளிக்கு வந்த பல் டாக்டர், புற்றுநோய் எல்லாமே தலையெழுத்து இல்லை, அதில் கணிசமான பங்கை வராமலே தடுக்கலாம் என்றார். புகையிலை, பாக்கு, சாராயம் என்று காரணங்களை அடுக்கினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய், கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தேன்.

இடது கன்னத்துக்குள், வெற்றிலையை அதக்கிக்கொள்ளும் இடத்தில், வெள்ளையாக ஒரு படலம். டாக்டர் காட்டிய படத்தில் இருந்ததைப் போலவே.

"சுண்ணாம்புல வெந்துருச்சு புள்ள," என்றாள் அம்மா. "ரொம்ப நாளா கெடக்கு."

அதற்கு அவளே வைத்தியமும் பார்த்திருந்தாள். சுண்ணாம்பைக் குறைத்துவிட்டாளாம். காரம் போதவில்லை என்று புகையிலையைக் கூட்டிக்கொண்டாளாம்.

விடச் சொன்னேன். சிரித்தாள். மலையில் பனிக்கும் பசிக்கும் அதுதான் துணை, காலில் அட்டை ஏறினாலும் அந்தச் சாற்றைத் துப்பினால்தான் விழும் என்றாள். படித்ததையெல்லாம் அடுப்படியில் நின்று ஒப்பித்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, இனிமேல் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலும் வாயைத் திறந்து காட்டினால்தான் வேலை போலிருக்கிறது என்று கேலி செய்தாள்.

கடைசியில் என்னிடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா."

அம்மா எழுந்து போய் வாயைக் கொப்பளித்தாள். அந்த வாரமே ஒருநாள் வேலைக்குப் போகாமல் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கன்னத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, ஆனால் இப்படியே விட்டால் ஆகலாம். புகையிலை, பாக்கு இரண்டையும் நிறுத்தியே ஆகவேண்டும் என்றார்கள்.

நிறுத்தினாள். வீடு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். தலைவலி, எரிச்சல், உப்பில்லாத கறி. மலையில் மற்றவர்கள் வெற்றிலையை நீட்டும்போது, மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தேயிலை நிரையில் முன்னே போய்விடுவாளாம்.

சில மாதம் கழித்துப் பார்த்தபோது படலம் மங்கியிருந்தது. ஆனாலும் விடாமல் வந்து காட்டச் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மடியை அவிழ்த்தாள்.

"இந்தக் கடலையப் பத்தி ஒங்க டாக்டரு ஒண்ணும் சொல்லலையே?"

இல்லை என்றேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, என் கையிலும் கொஞ்சம் கொட்டினாள்.