இறந்த திகதி கேட்ட கருவி

நான் செய்கிற வேலையை வீட்டாருக்கு விளக்கும் முயற்சியைக் கைவிட்டுப் பல காலமாகிறது. எவரும் வந்து எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்து கிடக்கிற ஒரு பெரிய அறிவுத் தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது. ஊர், ஆறு, மனிதர் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். அங்கே எழுதுகிறவர்களுக்கு உதவும் கருவிகளை நிரல் எழுதிச் செய்கிறேன். சம்பளம் கிடையாது. நிரலும் எல்லாருக்கும் பொது. விரும்பியவர் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊரான பாலையூற்றில், அதே சின்னத் தெருவில் இருக்கிற ஒழுங்கைக்காரருக்கு நான் கொம்பியூட்டர் திருத்துகிற பெடியன்தான். பிரின்டரில் கடதாசி சிக்கினால் என்னைத் தேடி வருவார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். இவர்களுக்கு என் அருமை தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே கடதாசியை இழுத்து எடுத்துக் கொடுப்பேன்.

என் கருவிகளில் ஒன்று நல்ல பேர் வாங்கியது. மனிதர்களைப் பற்றிய பக்கங்களில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, எழுத வருகிறவர்களிடம் அது கேட்கும். பிறந்த ஊர் இல்லையே, தெரியுமா? படம் இல்லையே, இருக்கிறதா? ஒருவரைப் பற்றி நீண்ட காலம் எந்தச் செய்தியும் இல்லையென்றால், உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று கேட்டு இரண்டு பொத்தான்களைக் காட்டும். இறந்துவிட்டார் என்பதை அமத்தினால், அந்தப் பக்கத்தில் உள்ள கடைசித் திகதியை இறந்த திகதியாகத் தானே எடுத்து நீட்டும். சரி என்றால் பதிவாகிவிடும். தமிழிலும் அது வேலை செய்ததால் வெளிநாடுகளில் இருக்கிற நம்மவர்கள் ஆசையோடு பயன்படுத்தினார்கள். அவர்கள் எழுதிய பாராட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அடுத்த ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். சொந்தமில்லை, பழக்கத்தில் அக்கா. முன்பள்ளியில் படிப்பிக்கிறார். அவருடைய கணவர் ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய உதைபந்தாட்டக்காரர், கோல் காப்பாளர். யுத்த காலத்தில் ஒரு பின்னேரம் சைக்கிளில் நகரத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, திவசம் கொடுக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னபோதும் வேண்டாம் என்று எழும்பி வந்துவிட்டார். ஊரும் அதை ஏற்றுக்கொண்டு அவரை நல்ல காரியங்களுக்கு முன்னால் கூப்பிட்டது. இப்படியான வீடுகளில் போய் எவரும் எதையும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நாங்கள் பழகிவிட்டோம்.

அக்காவின் கணவருக்கும் ஒரு பக்கம் ஆக்கியது நான்தான். பழைய விளையாட்டு மலர் ஒன்று கையில் அகப்பட்டது. அதைப் பார்த்து ஆடிய கழகம், பெற்ற கிண்ணங்கள் எல்லாம் எழுதினேன். காணாமல் போன திகதியையும் போட்டேன். நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன ஆவணியில் நகரத்து மண்டபம் ஒன்றில் கலியாணம். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்குகிற நேரம், வாழைப்பழத் துண்டுகளில் திரி வைத்த ஆராத்தித் தட்டோடு அக்கா முன்னால் நின்றார். பெண்ணின் தாயே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண்ணின் மாமன் ஒருவர், சின்ன வயதில் அக்காவின் கணவர் ஆடியதைப் பார்த்தவர், ஆசையில் அவருடைய பெயரைப் போனில் தட்டிப் பார்த்திருக்கிறார். இறந்த திகதி என்று தெளிவாக வந்தது. மனிதர் உண்மையாகவே கலங்கிப்போய்ப் பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டினார். போன் கை மாறிக் கை மாறிப் பெண்ணின் பெரியம்மாவிடம் போனது. அவர் முன்னால் போய், அக்காவின் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கினார்.

"நீங்கள் இருங்கோ பிள்ளை. வேற ஆக்கள் எடுக்கட்டும்."

அக்காவுக்கு விளங்கவில்லை. எங்கள் எல்லாருடைய முகங்களையும் பார்த்தார். பிறகு கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பின்வரிசையில் போய் இருந்தார். அந்த மாமன் போனை என்னிடமும் நீட்டினார். நீங்கள் கொம்பியூட்டர் ஆள்தானே, இது சரியான தகவல்தானா என்று கேட்டார். பார்த்ததும் விளங்கிவிட்டது. நான் போட்ட திகதியை என் கருவி எடுத்து நீட்டியிருந்தது. அந்த இடத்திலேயே இது பிழை என்று சொல்லியிருக்கலாம். தட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்திருக்கலாம். வடிவாகச் சரிபார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, பந்தியில் போய் இருந்து சாப்பிட்டேன். பாயாசமும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று பார்த்தேன். எங்கோ குளிர்நாட்டில் இருக்கிற ஒருவர் கருவி கேட்டதற்கு நல்ல மனத்தோடு சரி என்று அமத்தியிருக்கிறார். அவரில் குற்றம் இல்லை. அந்தக் கருவியைப் பற்றிய பழைய உரையாடல்களையும் தேடி வாசித்தேன். இந்த நாட்டுக் கரையையே கண்டிராத ஒரு பெண் அதில் என்னிடம் கேட்டிருந்தார்: என்ன ஆனார்கள் என்றே தெரியாத மனிதர்களும் இருப்பார்களே, அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டாமா? அப்படியானவர்கள் மிகச் சிலர்தான், அவர்களுக்காகக் கருவியைச் சிக்கலாக்க வேண்டியதில்லை என்று பதில் எழுதியிருந்தேன். கீழே என் பெயர்.

மிகச் சிலர். பாண் வாங்கக் கடைக்குப் போவதானாலும் அப்படியான ஒரு வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு நாட்டுக்காரன் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினான் என்று விடலாம். எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. ஊரில் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்த பழக்கம் என் நிரலுக்குள்ளும் போய்க் குந்திவிட்டது.

திகதியை அழித்தேன். கருவியிலும் மூன்றாவது பொத்தானைச் சேர்த்தேன்: காணாமல் போனவர், நிலை தெரியாது. அதற்கும் பாராட்டி எழுதினார்கள். அதை முழுவதும் வாசிக்க ஏலாமல் மூடிவிட்டேன். அக்கா வீட்டு ஒழுங்கையால் போகாமல் சில நாள் சுற்றிப் போனேன். பிரின்டர் திருத்தக் கூப்பிட்டவர்களுக்கும் சாட்டுச் சொன்னேன். கடைசியில் ஒரு ஞாயிறு காலை போய்ப் படலையைத் தட்டினேன்.

அக்கா வழக்கம்போலக் கதிரை எடுத்துப் போட்டார். போனில் அப்படி வந்ததாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் வந்தனான் என்றதும் காட்டச் சொன்னார். திருத்திய பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆறுதலாக, அவசரப்படாமல் மேலிருந்து கீழ் வரை வாசித்தார். முந்தி அப்படிப் போட்டது யார் என்று கேட்டார். வெளிநாட்டில் ஒருவர் என்று தொடங்கினேன். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"என்ர கருவிதான் அக்கா கேட்டது. ஒரு ஆளைப் பற்றி விபரம் இல்லாட்டி அது ஆக்களிட்டக் கேக்கும்."

"ஆரிட்ட?"

"ஆர் அதைப் பாவிக்கினமோ, அவையிட்ட. எந்த நாட்டில இருந்தாலும்."

அக்கா போனைத் திருப்பித் தந்தார். குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறீங்கள் தம்பி. எங்கட வீடு அடுத்த ஒழுங்கையில தானே இருக்குது."

பிறகு எதிர்க் கதிரையில் இருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கணவர் போன அந்தப் பின்னேரத்தைப் பற்றி இத்தனை வருஷமாக ஒருவரும் கேட்காததை நான் இப்போதாவது கேட்பேன் என்று காத்திருந்தார். ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்கிற கருவி செய்தவனுக்கு அந்த முற்றத்தில் ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை.