சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

இடி இறங்கிய சாயங்காலம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை டப்பென்றது. பிறகு பேச்சில்லை. மதர்போர்டு கருகின நாற்றம், மழை விட்ட பின்னும் செவிலிமேட்டு வீட்டின் அந்தச் சின்ன அறையை விட்டுப் போகவில்லை. என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "என் கரை?"

பட்டுப்புடவைக்குக் கரை வரைகிறவள் அவள். திரையில் கட்டம் கட்டமாக நிரப்பி அன்னத்தின் கழுத்தை வளைப்பாள். அதைப் பார்த்துத்தான் தறிக்கான ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணப் புடவைக்குப் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. தறி அட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அன்னங்களோ அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில், வேறெங்கும் இல்லாமல். பிளாப்பியில் அடங்கவில்லை என்று பிரதி எடுக்காமல் விட்டிருந்தோம்.

புதுக் கம்ப்யூட்டர் பூட்ட என் நண்பன் வந்தான், கூடப் படித்தவன். "டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆயிருக்காதுபா. புது டிஸ்க்கு மாஸ்டர், இது ஸ்லேவ். ரெண்டும் ஒரே பொட்டியில குடித்தனம் பண்ணட்டும்." பழைய டிஸ்க்கின் ஒரு முனையில் ஊசி ஊசியாக நின்ற கம்பிகளில் ஒரு குட்டிக் கறுப்பு மூடியை இடுக்கியால் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான்.

அதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பொட்டு வைக்காம ஏத்துவீங்களா? தறியில புதுப் பாவு ஏத்தினா வைக்கறதில்லையா?"

சாமான்களைப் பலகையில் பரப்பிவிட்டு நானும் அவனும் முனைக் கடைக்கு டீ குடிக்கப் போனோம். திரும்பினால் எல்லாம் மங்களமாக இருந்தது. மவுஸ் நெற்றியில்கூடக் குங்குமம். ராகுகாலம் நெருங்குது என்று அம்மா விரட்ட, அவன் டிஸ்க்குகளை அவசரமாகப் பெட்டியில் முடுக்கி, உள்ளே கைவிட்டு, கண்ணால் பாராமல் விரல் நுனியாலேயே வயரைச் செருகினான்.

திரை எரிந்தது. புது டிஸ்க் தெரிந்தது. பழையது இல்லை.

"காட்டலயேபா." அணைத்துப் போட்டான். வயரை மாற்றினான். காட்டவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன். டவுன் பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போயிற்று. உள்ளே வந்தேன், திரை அப்படியே. மறுபடி வாசல். உள்ளே, வெளியே, உள்ளே. தறியில் ஓடும் நாடா மாதிரி நான். அவள் மட்டும் அசையவில்லை. கிராஃப் தாளை எடுத்து வைத்து ஒரு அன்னத்தைப் பென்சிலால் தொடங்கினாள். கழுத்து வரை வந்தாள். அழித்தாள். "இது அது இல்ல," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"தங்கச்சி, அதுக்குள்ள நம்பிக்கைய வுட்டுடாத. கழட்டிப் பாக்கறேன்," என்று நண்பன் திருகாணிகளைப் பிரித்து டிஸ்க்கை வெளியே இழுத்தான். அந்த ஊசிகளுக்கு நடுவே, ஈரம் காயாத சந்தனம், அதன்மேல் குங்குமம், அழகாக வட்டமாக.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சமையலறை வாசலில் அம்மா.

"என்னாச்சு?"

"தூசி, அத்தே," என்றாள் என் மனைவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தபடி. பஞ்சு, பிரஷ், மறுபடி பஞ்சு. ஒவ்வொரு ஊசியாக. பிறகு மின்விசிறிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்கு ஒரு யுகம்.

அம்மா மஞ்சளாகக் கிடந்த பஞ்சைக் குனிந்து பார்த்தாள். "நம்ம வூட்டுத் தூசிக்குச் சந்தன வாசனை வேற அடிக்குது."

நண்பன் சிரித்துவிட்டான். "ஏம்மா, வைக்க வேற எடமே கெடைக்கலயா?"

"எதுக்கும் முகத்துலதான்டா வைப்பாங்க. வாயும் பல்லும் இருக்கற பக்கம்தானே முகம்?"

இந்தத் தடவை உள்ளே பார்த்து மாட்டினான். பழைய டிஸ்க் கரகரவென்று தொண்டையைச் செருமிற்று. திரையில் அதன் பெயர் வந்தது. அவள் கோப்பைத் திறந்து அன்னங்களைக் கழுத்து கழுத்தாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். புது டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தாள். எடுத்த கையோடு திரும்பி, "அண்ணா, இதுலயும் இடி விழுந்தா? சிடி எழுதற மெஷின் யார்கிட்ட இருக்குது?" என்றாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைக்கவும் நேரமில்லாமல் செருப்பை மாட்டினாள்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அவளை வழிமறித்தாள். "போறவ, இதுக்கு முகம் எதுன்னு காட்டிட்டுப் போ."

அவள் மாமியாரின் விரலைப் பிடித்துப் பெட்டியின் முன்பக்கம் கொண்டுபோனாள், ஸ்விட்சுக்கு மேலே. பக்கத்தில் நான், உள்ளே கரகரக்கும் அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு.