காற்றாடியில் கட்டிய காணிக்கை முடிச்சு

"புதன். காற்றாடி ஏற்றினோம். நடுங்கிற்று. இறக்கினோம்." 1947 ஆடி மாதத்தைப் பற்றி என் டைரி சொல்வது இவ்வளவுதான். வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அன்று நடந்ததை இப்படி ஐந்து சொற்களில் அடைத்திருப்பது எனக்கே நியாயமாகப் படவில்லை.

திருச்சியில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த என் மைத்துனி, அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ரேடியோவில் நடவுப் பாட்டுப் பாடப்போவதாக எழுதியிருந்தாள். என் மனைவிக்கு அவள் ஒரே தங்கை. எங்களிடம் ரேடியோ இருந்தது. அதை ஓட்டும் பேட்டரியில்தான் உயிர் இல்லை. வழக்கமாக அதை பஸ்ஸில் பெரம்பலூருக்கு அனுப்பி சார்ஜ் ஏற்றி வாங்குவோம். முந்தைய தடவை அமிலம் கசிந்து யாரோ ஒருவரின் துணிமூட்டையைப் பொத்தலாக்கிவிட்டது. அதிலிருந்து எங்கள் பேட்டரியைத் தூரத்தில் கண்டாலே கண்டக்டர் படியை மறித்துக்கொண்டு நின்றார்.

மனைவியின் அண்ணன் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பியவர். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த சாமான்களிலிருந்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் காற்றாடி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு டைனமோ, இரண்டு மர இறக்கைகள், காற்றுப் பக்கம் திருப்பிவிட ஒரு தகர வால், கீழிருந்தே இழுத்து நிறுத்த ஒரு பிரேக், சார்ஜ் ஏறுவதைக் காட்ட ஒரு மீட்டர். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் படித்துச் சொல்வது, அவர் செய்வது என்று ஏற்பாடு. பேட்டரியை இணைக்காமல் சுற்ற விடக் கூடாது. இறக்கை சுழலும் நேரில் ஆள் நிற்கக் கூடாது. காற்று வீசும்போது கம்பத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது.

ஆடியில் பச்சைமலைப் பக்கமிருந்து வரும் காற்று விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் கொஞ்சம் அயரும். அதனால் செவ்வாய் மாலையே இறக்கைகளைத் தாங்கியில் மாட்டிச் சமன் பார்த்துவிட்டோம். நகைக்கடைத் தராசு போல ஆடாமல் நின்றன. புதன் விடியலில் பிரேக்கைப் போட்டு, அடியில் கீல் வைத்த இரும்புக் கம்பத்தை நிமிர்த்தி, நான்கு பக்கமும் கம்பியை முடுக்கிக் கட்டினோம்.

வெயிலோடு காற்றும் ஏறியது. மச்சான் பிரேக்கைத் தளர்த்தினார். இறக்கைகள் வேகம் பிடித்ததும் கம்பம் குளிர்ஜுரக்காரனைப் போல உதறத் தொடங்கியது. பிரேக்கை இழுத்தார், நின்றது. விட்டார், மறுபடி உதறல். பழி என் படிப்பின்மேல் விழுந்தது.

"எதையோ தாண்டிட்டீங்க மாப்ள. வரி விடாமப் படிங்க."

நான் எதையும் தாண்டவில்லை என்று சாதித்தேன். காற்று சற்று ஓய்ந்த நேரத்தில், பிரேக் இல்லாமலே இறக்கைகள் ஆடி ஆடி நின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கைதான் கீழே வந்தது. அதன் பின்புறம், முனையருகில், மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவருகே நின்றிருந்த என் மனைவி மெல்ல உள்ளே போகப் பார்த்தாள்.

மாரியம்மனுக்கு நேர்ந்து, ஒரு முழு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, விடியும் முன்பே அதில் கட்டியிருக்கிறாள். தங்கைக்குப் பாட்டு நடுவில் குரல் தடுமாறக் கூடாதென்று வேண்டுதல்.

"அதப் போயி ஏம்மா அங்க கட்டுன?" என்றார் அண்ணன்.

"அதுதானே ஒசரத்துல இருக்கப்போவுது."

"சரி, அவுத்துடலாம்."

"அவ பாடி முடிக்கிற வரைக்கும் அவுக்கக் கூடாதுண்ணே."

"அவுக்கலேன்னா அவ பாட்டே நமக்குக் கேக்காது."

மற்ற இறக்கையிலும் அதே எடையில் ஒரு முடிச்சுக் கட்டினால் சமனாகிவிடும் என்று நான் யோசனை சொன்னேன். சுற்றுகிற வேகத்தில் ரூபாய் பிய்த்துக்கொண்டு போனால் யார் மண்டையில் விழும் என்று மச்சான் கேட்டார். இறக்கையில் எதையும் கட்டாதே என்பதும் புத்தகத்தில் இருந்தது. வாசித்துக் காட்டியவனே நான்தான்.

மனைவி மேலே முடிச்சைக் கைகாட்டினாள்.

"முடிச்சத்தானே அவுக்கக் கூடாது? கட்டுன நூலை அறுத்துக் குடுங்க. முடிச்சு முடிச்சாவே இருக்கட்டும், நான் வச்சிக்கிறேன்."

மாலையில் காற்று விழுந்ததும் கம்பத்தை இறக்கி நூலை அறுத்தோம். அவள் முடிச்சை முந்தானையில் செருகிக்கொண்டாள். வியாழன் விடியலில் மறுபடி ஏற்றியபோது, காற்றாடி ஒரு சீரான முனகலோடு சுற்றியது. மீட்டர் முள் நகர்ந்ததைக் கண்டு மச்சான் தலைத்துண்டை மேலே வீசிப் பிடித்தார்.

வெள்ளி மாலை தெருவே எங்கள் கூடத்தில் இருந்தது. ரேடியோவில் மைத்துனியின் குரல் வந்ததும், அவள்தானா என்று சந்தேகப்பட்டவர்கள்கூட இரண்டாவது அடியில் தாளம் போட ஆரம்பித்தார்கள். மனைவி மட்டும் முந்தானையை இறுகப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். பாட்டு முடிந்தது. அவள் முதலில் முடிச்சை அவிழ்த்தாள், பிறகுதான் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த வெகுநேரம் ஆயிற்று.

பாட்டின் நடுவில் ஒருமுறை 'கர்' என்று ஒரு சத்தம் கேட்டது. விடுமுறைக்கு வந்த மைத்துனி, தன் தொண்டை கமறவே இல்லை, அது எங்கள் காற்றாடியின் இரைச்சல் என்று அடித்துச் சொன்னாள். காற்றாடி அப்போது பிரேக்கில் நின்றது என்கிறார் மச்சான். என் மனைவி எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் பேசுகிறாள். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.