தெருமுனையில் நின்ற வண்டி

உங்கள் வீட்டு வாசற்படி எங்கே முடிகிறது? உங்கள் மனையிலா, தெருவிலா? பதில் சொல்லுமுன் ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள்.

அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். தெருவில் எல்லோருக்கும் 'சைரன்'. அவர் குடிவந்த காலத்தில் அங்கே லாரியே திரும்பும். பிறகு நகரம் வீங்கியது. ஒவ்வொரு வீடும் கார் ஏற ஒரு சரிவு, செடிக்கு ஒரு தொட்டி என்று தெருவுக்குள் காலை நீட்டியது. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை வண்டி நுழைய வழியில்லாமல் நாற்காலியில் வைத்துத்தான் தெருமுனை வரை தூக்கி வந்தார்கள். குழந்தை தங்கவில்லை. விதி என்றார்கள். சிமென்ட் பூசிக் கட்டியதற்கு விதி என்று பெயர் வைத்துவிட்டால் வசதிதான். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்த நகராட்சித் தேர்தலில் சைரன் வேட்பாளராக நின்றார். எதிரே நின்றவர் மேம்பாலம், நீச்சல்குளம், வண்ண நீரூற்று என்று அள்ளி விட்டார். இவருடைய நோட்டீஸிலும் குடிநீர், குப்பை எல்லாம் இருந்தன. ஆனால் முதல் வரி இதுதான்: எல்லாத் தெருவிலும் ஆம்புலன்ஸ் நுழைய வேண்டும், நீண்டு நிற்கும் படிகளை அகற்றுவோம். நோட்டீஸ் அச்சாகுமுன் தன் வீட்டுச் சரிவைத் தானே கடப்பாரையால் பெயர்த்தார்.

எதிர்வீடு அக்கா வீடு. தாயில்லாத அவரை வளர்த்தவள். முழங்கால் வலிக்காரி. அவளுக்காகவே மாமா உயரம் குறைத்து, தெருவுக்குள் நீளமாக ஐந்து படி கட்டியிருந்தார். வாக்குக் கேட்டுப் போன தம்பியை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஊருக்கு நல்லது செய்டா, யார் வேணாம்னா? என் படியில எதுக்குக் கை வைக்கிற?"

"எல்லாரும் இதையேதான்க்கா சொல்றாங்க."

"ஆம்புலன்ஸ் ஓட்டுறவன் வாயில நல்ல வார்த்தையா வரும்?"

படியை வீட்டுக்குள் தள்ளிக் கட்டலாம், செலவு தன்னுடையது என்று கெஞ்சினார். அப்புறம் சோபாவை உன் தலையிலா போடுவது என்று கேட்டாள்.

தோற்றார். ஊர் கைவிட்டதைவிட, சொந்தத் தெரு கைவிட்டதுதான் சுட்டது. அக்காவும் தம்பிக்கு வாக்குப் போடவில்லை என்று மாமாவே பின்னால் உளறினார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அழைப்பு போனது, பணியில் இருந்தவர் தம்பிதான். வண்டி தெருமுனை வரை வந்தது. அதற்குமேல் தொட்டி, சரிவு, கார். மறுபடியும் நாற்காலிதான். ஈரத்தில் வழுக்கும் அந்த ஐந்து படிகளில் இறங்கும்போது அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். "மெதுவாடா" என்றாள். பாதித் தெருவில், அவர் சட்டையைப் பற்றியிருந்த கை நழுவியது.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி முடிந்துவிட்டது என்றார்கள். மாமாவும் அதையே சொன்னார். சைரன், "விதி இல்ல மாமா, நாம கட்டினது" என்றார்.

நீரூற்று வந்துவிட்டது. ஐந்து படிகளும் அப்படியே இருக்கின்றன. மறுபடி தேர்தலில் நிற்பீர்களா என்று அவரைக் கேட்டேன். "அக்காவே குடுக்கல. இனி யார்கிட்டப் போய்க் கேக்குறது?" என்றார்.

அவர் கேட்கவேண்டாம், நான் கேட்கிறேன். எழுந்து உங்கள் வாசலுக்குப் போங்கள். படி தெருவுக்குள் நீண்டிருந்தால், இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு இடித்துவிடுங்கள்.